வலது முழங்கை

இது நடந்தது. நேரங்கள் நோரீன் லூசியின் சவாரி அட்டையில் இருக்கின்றன. மழையில் மை கசிந்திருக்கிறது, ஆனாலும் படிக்கலாம். அட்டையில் இல்லாத நேரங்களை அவள் சைக்கிள் ஹேண்டிலில் பொருத்திய சின்னத் திரையில் பார்த்தாள். மறக்கவில்லை. மக்ரூம் என்ற ஊரில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பாலின் கொழுப்பை அளப்பது அவள் வேலை. ஒரு புள்ளி கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருடமாகப் போகவில்லை.

பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் சொல்கிறாள். ஆனால் முன்னால் சைக்கிளில் போகிற யாராவது வலது முழங்கையை அசைத்தால் உடனே பிரேக்கைப் பிடிக்கிறாள்.

2018, டிசம்பர் எட்டு. சனிக்கிழமை.

அன்று நடந்தது பந்தயம் அல்ல. இருநூறு கிலோமீட்டர் சவாரி. மலையும் பள்ளத்தாக்குமாகச் சுற்றிவிட்டுப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். வழியில் நாலு இடத்தில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வோர் இடமும் ஒரு நேரத்தில் மூடிவிடும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைய சவாரி கணக்கில் சேராது.

மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு மாதம் விடாமல் முடித்தால் ஒரு பதக்கம் தருவார்கள். இரண்டு யூரோ நாணயம் அளவு இருக்கும். போன வருடம் நோரீன் பதினொன்று முடித்திருந்தாள். டிசம்பரில் ஆறு பெருகிப் பாலம் முங்கியது. பாதி வழியில் திரும்பினாள். பதினொன்றும் வீண். ஜனவரியில் முதலிலிருந்து தொடங்கினாள். பனியில், ஆலங்கட்டியில், ஒருமுறை பல்வலியோடு. இது பன்னிரண்டாவது.

பதினோரு பேர் காலை ஏழு மணிக்கு மக்ரூமிலிருந்து இருட்டில் கிளம்பினார்கள். சாலைகள் காலி. அன்று மாதா திருநாள். கிறிஸ்துமஸ் சாமான் வாங்க ஊர் முழுக்க கார்க் நகரத்துக்குப் போயிருந்தது.

நோரீனோடு வழக்கம்போல பாட் டூமி வந்தான். குழாய் வேலை செய்கிறவன். ஆரம்பப் பள்ளியிலிருந்தே சிநேகிதம். 12:35க்கு அவன் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. அதைக் கட்டி ஒப்பேற்ற ஐம்பது நிமிடம் போயிற்று. மற்ற ஒன்பது பேரும் முன்னால் போய்விட்டார்கள்.

14:12. நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர். ஒரு மளிகைக் கடை. முத்திரை விழுந்தது. பாட் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். அது இடமும் வலமும் ஆடியது.

"சிப்ஸ் மாதிரி வளைஞ்சு கிடக்கு" என்றான்.

"மெதுவா வந்துருவியா?"

"வருவேன். நாளைக்கு."

"நான் இருக்கேன்டா. சேர்ந்தே போவோம்."

"போடி இவளே. உனக்கு இது பன்னெண்டு. எனக்குத் தொப்பை குறையணும், அவ்ளோதான். அது ஒண்ணும் இன்னைக்குக் குறையப் போறதில்ல."

"மலை மேல பனி மூடிக்கிட்டு இருக்கு."

"மூடட்டும். இருக்கிறது ஒரே ரோடு. ஏறு, இறங்கு. வழி தவறிப் போறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்."

நோரீன் அவன் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் பின்னாடியே உருட்டிட்டு வரேன்" என்றான் பாட். "கீழ கானோட பப்ல எனக்கு ஒரு சூப் சொல்லி வை. அப்புறம்... எவன் சக்கரத்துலயாவது ஒட்டிக்கிட்டுப் போயிடாத, உண்ணி."

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. எதிர்க்காற்றில் முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குப் பாதிப் பாடுதான். அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். முன்னால் போகிறவன் களைத்ததும் வலது முழங்கையை வெளிப்பக்கம் ஒருமுறை அசைப்பான். என் முறை முடிந்தது, நீ வா என்று அர்த்தம். பின்னால் இருப்பவர் வலப்பக்கமாக அவனைத் தாண்டி முன்னால் போக வேண்டும். போகாமல் ஒட்டிக்கொண்டே வருகிறவருக்கு உண்ணி என்று பெயர். ஆட்டின் மேல் ஒட்டி இருக்குமே, அதுதான். ஆறு வருடம் முன்பு, தன் இரண்டாவது சவாரியில், நோரீன் பக்கத்துக் கெர்ரி மாவட்டக்காரர் ஒருவர் பின்னால் நாற்பது கிலோமீட்டர் அப்படிப் போனாள். முறை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஊர் வந்ததும் அவர் சொன்னார்: "ஆட்டு உண்ணிகூட நடுவுல ஒருதடவ கீழ விழும், தாயே."

அதற்குப் பிறகு எந்த முழங்கைக்கும் அவள் முன்னே போகாமல் இருந்ததில்லை. காய்ச்சலிலும் போயிருக்கிறாள்.

முன்னால் போகிறவனுக்கு இன்னொரு கடமை உண்டு. பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. சக்கரம்தான் தெரியும். அதனால் பள்ளமோ கல்லோ வந்தால் முன்னவன் கையைக் காட்ட வேண்டும், கத்த வேண்டும். அதைச் செய்யாதவனோடு யாரும் இரண்டாம் முறை ஓட்ட மாட்டார்கள்.

14:20. நோரீன் தனியாகக் கிளம்பினாள்.

அடுத்த முத்திரை கூமரா கிராமத்தில். நூற்று நாற்பதாவது கிலோமீட்டர். கான் ஹாரிங்டனின் பப். மூடும் நேரம் 16:20. நடுவில் பார்னாகீ கணவாய். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்.

15:04. கடைசி வீடு. அடுப்பில் எரிக்கும் கரிமண்ணின் புகை சாலையில் தாழ்ந்து கிடந்தது. ஒரு நாய் கொஞ்ச தூரம் துரத்தியது. சலித்துத் திரும்பியது. அதற்கு மேல் சாலை ஒரு கார் அகலம்தான். நடுவில் புல். முந்தின இரவு பெய்த மழை இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

15:17. மூடுபனிக்குள் நுழைந்தாள். முதலில் மலை போயிற்று. பிறகு ஆடுகள் போயின. பிறகு சாலையும் போயிற்று. முன்சக்கரத்துக்கு அப்பால் பத்தடி மட்டும் மிச்சம்.

15:23. சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

முன்னால் எங்கோ ஒரு சைக்கிள். நல்லது என்று நினைத்தாள். பிந்திப்போன ஆள் ஒருவர் இருக்கிறார். துணைக்கு ஆயிற்று. கொஞ்சம் வேகமாக மிதித்தாள். சத்தம் நெருங்கவில்லை. மெதுவாக மிதித்தாள். விலகவும் இல்லை.

ஒரு வளைவு தாண்டின பிறகுதான் உறைத்தது.

சைக்கிளை மிதிக்காமல் உருள விட்டால் பின்சக்கரம் டிக் டிக் என்று சொல்லும். மிதித்தால் சொல்லாது. ஏற்றத்தில் மிதிக்காமல் இருந்தால் சைக்கிள் நின்றுவிடும். இது செங்குத்தான ஏற்றம். அவள் தொடை எரிந்துகொண்டிருந்தது. முன்னால் போகிறவன் மிதிக்கவில்லை.

டிக்... டிக்... டிக்...

ஏதோ கோளாறு பிடித்த சக்கரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாட் இருந்தால் என்ன சொல்வான் என்று யோசித்தாள். எண்ணெய் காட்டாத சக்கரமும் பெண்டாட்டியும் ஒன்று என்பான். பிறகு பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தாள். மூடுபனியில் அது வேறு யாரோ சிரித்த மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டாள்.

15:49. உச்சி.

அவன் அங்கே நின்றிருந்தான்.

ஒரு கால் தரையில். முதுகு அவள் பக்கம். பழைய இரும்புச் சைக்கிள். தோல் செருப்பு மாதிரி மெலிந்த பழுப்பு ஷூ, பெடலோடு வாரால் கட்டியது. நீலக் கம்பளிச் சட்டை. சில பேர் வேடிக்கைக்காகப் பழைய சைக்கிளை எடுத்து, பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். அந்த வகை என்று நினைத்தாள். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. முத்திரை போடும் கான் பார்த்தால் திட்டுவார்.

சட்டை அரைக்கை. டிசம்பரில்.

"இந்தக் குளிர்ல அரைக்கையா? உங்க வீட்டுல யாரும் கேக்கிறதில்லயா?" என்றாள்.

அவன் கைகள் ஹேண்டிலிலேயே இருந்தன.

"நீங்க எந்த கிளப்?"

அவன் தரையிலிருந்து காலை எடுத்தான். உருண்டான்.

31 நிமிடம் இருந்தது. நல்ல வெயிலில் அந்த இறக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். இந்த மூடுபனியில் தனியாக இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்க்க வேண்டியிருக்கும். மூடுபனியில் ஒரு பின்சக்கரம் கிடைத்தால் விடக்கூடாது. இது அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு மாதம். நோரீன் மேல்சட்டையின் ஜிப்பை இழுத்துவிட்டாள். அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சாலையை அறிந்தவன். அதில் சந்தேகமில்லை. வளைவு வருவதற்கு முன்பே உடம்பு சாய்ந்தது. இடது கை கீழே நீண்டால் இடப்பக்கம் பள்ளம். வலது கை நீண்டால் வலப்பக்கம் பள்ளம். ஏழு முறை கை காட்டினான். ஏழு முறையும் பள்ளம் இருந்தது. நோரீன் தலையைத் தூக்கவே இல்லை. ஒருவர் பின்னால் போகும்போது யாரும் தூக்குவதில்லை. பார்வை அந்தச் சக்கரத்தின் மேலேயே இருக்கும். அது போகிற இடம்தான் சாலை.

15:58. வேறு ஒன்றைக் கவனித்தாள்.

இப்போது டிக் டிக் இல்லை. அவளுடைய சக்கரம் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுடையது சொல்லவில்லை. செங்குத்தான இறக்கத்தில் இரண்டு பேரும் உருள்கிறார்கள். அவள் சத்தம் மட்டும் கேட்கிறது.

16:01.

சாலையில் தண்ணீர் ஓடியது. மட்கார்டு இல்லாத சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் போனால் சேறு முகத்தில் அடிக்கும். மூக்குக்கண்ணாடி மறையும். வாய்க்குள் போகும். அவள் அதற்காக உதட்டை இறுக்கி வைத்திருந்தாள்.

ஒரு துளி வரவில்லை.

ஆனால் பல்லில் ஏதோ நறநறத்தது. துப்பினாள். மறுபடியும் நறநறத்தது. உலர்ந்த மணல் மாதிரி... வெயில் காலத்து மணல் மாதிரி.

கொஞ்சம் பின்வாங்கலாம் என்று நினைத்தாள். பிரேக்கை லேசாக அழுத்தினாள். சக்கரம் அதே இடத்தில் இருந்தது. அரை மீட்டர். விட்டாள். அரை மீட்டர். மறுபடியும் அழுத்தினாள்.

அரை மீட்டர்.

பின்னால் பாட் வந்துகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அப்போது உதவியது.

16:05. இடப்பக்கம் வளைகிற ஒரு நீண்ட வளைவு. இடக்கைப் பக்கம் பாறை. வலக்கைப் பக்கம் இடுப்புயரச் சுவர். அதற்கு அப்பால் வெள்ளை.

அவன் முழங்கை அசைந்தது.

வலது முழங்கை. வெளிப்பக்கம். ஒருமுறை.

அவள் முறை.

இந்த இறக்கத்தில் யாரும் முறை மாற்ற மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும். ஆனால் கால் மணி நேரம் அவன் பின்னால் வந்திருக்கிறாள். முழங்கை அசைந்தால் போக வேண்டும். ஆறு வருடப் பழக்கம் அது. யோசிப்பதற்கு முன்பே உடம்பு வலப்பக்கம் விலகிவிட்டது. முன்சக்கரம் அவன் பின்சக்கரத்துக்கு இணையாக வந்தது.

"பள்ளம்! வலது!"

பின்னாலிருந்து. ஆண்குரல். பாட்டின் குரல்.

இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். பின்சக்கரம் வழுக்கியது. ஒரு காலை ஊன்றினாள். ஷூவின் அடியில் இருந்த இரும்பு தார்ச்சாலையில் கிறீச்சிட்டது.

நின்றாள்.

அவனும் நின்றான்.

காலை ஊன்றாமல்.

இரண்டு காலும் பெடலில் கட்டியபடி. சரிவில். சாயாமல். அரை மீட்டர் முன்னால்.

முழங்கை அசைந்தது.

மறுபடியும்.

மறுபடியும்... இப்போது வேகமாக.

தலை திரும்பவில்லை. முழங்கை மட்டும்.

"நான் வரல" என்றாள் நோரீன்.

முழங்கை பாதி வழியில் நின்றது. வெளியே நீட்டிக்கொண்டு. அப்படியே.

திரையைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியாது.

16:06.

நிமிர்ந்தபோது சாலைதான் இருந்தது.

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாறையை ஒட்டி நடந்தாள். எண்ணினாள். பதினோராவது அடியில் வலப்பக்கம் சாலை இல்லை. இரவு மழையில் பாதிச் சாலை சரிந்து போயிருந்தது. சுவரும் போயிருந்தது. அறுபட்ட தார் விளிம்பிலிருந்து சின்னக் கற்கள் இன்னும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. கீழே விழும் சத்தம் கேட்கவில்லை.

"பாட்!" என்று கத்தினாள்.

மலை திருப்பிச் சொன்னது.

"பாட், அங்கேயே நில்லுடா! ரோடு போயிருச்சு!"

ஒரு நிமிடம் காத்தாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எவ்வளவு பெரிய செலவு என்று அவளுக்குத் தெரியும். யாரும் வரவில்லை. அவளிடம் இரண்டு சிவப்பு விளக்கு இருந்தது. ஒன்றைக் கழற்றினாள். சரிவுக்கு மேலே, ஒரு கல்லின் மேல், பாட் கண்ணில் படுகிற மாதிரி மின்ன விட்டாள்.

பிறகு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக் கட்டைகள் கரையக் கரைய இறங்கினாள்.

ஹாரிங்டன் பப்பின் கதவைத் தோளால் தள்ளினாள். எதிரே சுவரில் கடிகாரம். 16:29.

அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். பதினொன்று. இந்த வருடமும் பதினொன்று.

"கதவ மூடு பொண்ணே, சூடு வெளிய போகுது" என்றார் கான் ஹாரிங்டன். எழுபது வயது. பப் அவருடையது. முத்திரையும் அன்று அவரிடம். "ஏன் அப்படிப் பாக்கிற? அந்தக் கடிகாரம் எங்க அப்பா காலத்துலேருந்து பத்து நிமிஷம் முன்னாடிதான் ஓடும். குடிகாரப் பயலுகளக் கெளப்பணும்ல. அட்டையக் கொடு."

16:19. முத்திரை விழுந்தது.

"ரோடு போயிருச்சு, கான். பெரிய இடது வளைவுல. பாட் பின்னாடி வர்றான். யாரையாவது அனுப்புங்க, சீக்கிரம்."

தொலைபேசியை எடுத்த கான் நிறுத்தினார். "யாரு வர்றா?"

"பாட் டூமி."

"பாட் ரெண்டே முக்காலுக்கே போன் பண்ணிட்டானே. சக்கரம் சுத்தமா போச்சாம். மச்சான் வேன்ல ஏறி வீட்டுக்குப் போறானாம். சூப் வேணாம்னு சொல்லச் சொன்னான்."

நோரீன் தான் வந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கான் சாலை விஷயத்தைக் காவல் நிலையத்துக்குச் சொல்லி முடித்தார். பிறகு திரும்பி அவளைச் சரியாகப் பார்த்தார்.

"முகத்துல என்ன அது?"

கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்த இடம் தவிர முகம் முழுக்க வெள்ளை. நெற்றியில், கன்னத்தில், உதட்டு ஓரத்தில். தொட்டாள். உலர்ந்திருந்தது. தலைமுடியிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் தூசி.

வெளியே வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. கான் அவள் கன்னத்தில் ஒரு விரல் வைத்து எடுத்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் கல் தூசி" என்றார். "நான் சின்னப் பையனா இருக்கையில மேல ரோடு இதான். கோடையில ஒரு வண்டி போனா அர மணி நேரத்துக்குக் கண்ணு தெரியாது. தார் போட்டு அறுபது வருஷம் இருக்கும்."

"எனக்கு முன்னாடி யாரு வந்தா, கான்?"

"ஒன்பது பேர். கடைசி ஆளு மூணு பத்துக்கு."

அவர் எழுந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார். அவள் சர்க்கரை சேர்ப்பதில்லை. குடித்தாள்.

"அம்பத்தஞ்சு ஜூலைல ஒரு ரேஸ்" என்றார். "இந்த ஊரு மோஸி டாங்னியும் ஜெர் கெலெஹர்னு ஒரு பையனும் எல்லாரையும் விட்டுட்டு முன்னாடி வந்துட்டாங்க. உச்சி தாண்டுறப்ப ரெண்டு பேரையும் பாத்தவங்க இருக்காங்க. கீழ மோஸி மட்டும்தான் வந்தாரு. ஜெர் அந்த வளைவுல போயிட்டான். சுவர் அந்த வாரந்தான் இடிஞ்சிருந்துச்சு. மோஸி அதே ரோட்டுல தெனம் பால் வண்டி ஓட்டுனவரு."

"என்ன சொன்னாரு?"

"முந்தணும்னு அவனா வந்தான், நான் சொல்றதுக்குள்ள போயிட்டான்னாரு. தூசி. வேற யாரு பாத்தா?" கான் மேசையைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "கோப்பையக் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டாரு. அப்புறம் சைக்கிளத் தொடல."

"இப்ப?"

"இருக்காரு. எம்பத்து நாலு. கோயிலுக்குப் பின்னாடி முதியோர் இல்லத்துல. நாலு வருஷமா படுக்கை."

பாட்டின் பெண்டாட்டி தொலைபேசியை எடுத்தாள். பாட் மூன்றரை மணியிலிருந்து நெருப்புக்கு முன்னால் தூங்குகிறான், எழுப்பவா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் நோரீன்.

மீதி அறுபது கிலோமீட்டரையும் ஓட்டினாள். ஆற்றோரச் சாலை. சமதளம். 19:52க்கு மக்ரூமில் கடைசி முத்திரை விழுந்தது.

மறுநாள் காலை உள்ளூர் வானொலியில் இறந்தவர் பெயர்களை வாசித்தார்கள். அங்கே எல்லாரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் முட்டையை உடைப்பார்கள். மூன்றாவது பெயர் மோஸி டாங்னி. கூமரா. சனிக்கிழமை.

திங்கள் சாயங்காலம் துக்கம் விசாரிக்கப் போனாள். பாட் வேனில் கூட்டிப்போனான். வழியெல்லாம் அவளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

"நீ அவருக்கு என்ன வேணும்?" என்றான்.

"ஒரு சொந்தமும் இல்ல."

"அப்ப துக்க வீட்டு சாண்ட்விச்சுக்குப் போற. சரி. எனக்கும் ரெண்டு எடுத்து வை." வேனை நிறுத்த இடம் தேடிப் போனான்.

வரிசை தெருவரை நின்றது. மெல்ல நகர்ந்தது. உறவினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கடைசி நாற்காலியில் மோஸியின் அண்ணன் மகள் அபினா. அறுபது வயது இருக்கும். நாலு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டவள்.

"உங்க துக்கத்துல நானும் இருக்கேன்" என்றாள் நோரீன்.

"நல்லா இரும்மா." அபினா அவள் கையை விடவில்லை. நோரீனின் கோட்டில் இருந்த சைக்கிள் கிளப் பின்னைப் பார்த்தாள். "நீ சைக்கிள் ஓட்டுறவளா?"

"ஆமா."

"அவரும் ஓட்டுவாராம். எங்களுக்கெல்லாம் தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "நிம்மதியா போனாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அப்படியில்லம்மா. வலது பக்கம் பூரா வாதம் அவருக்கு. நாலு வருஷமா அசையாத கை. சனிக்கிழம மூணு அம்பதுக்கு நர்ஸ் என்னக் கூப்புடுறா. வந்து பாத்தா..."

அவள் தன் வலது முழங்கையை வெளிப்பக்கம் ஒருமுறை அசைத்துக் காட்டினாள்.

"இப்படி. விட்டு விட்டு. புடிச்சா நிக்கல. கடைசில ரொம்ப வேகமா... அப்புறம் அப்படியே நின்னு போச்சு. நாலு மணி ஆறு நிமிஷம். நர்ஸ் எழுதி வச்சிருக்கா."

நோரீனின் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"வாயத் தொறந்து பேசியும் நாலு வருஷம் ஆச்சு" என்றாள் அபினா. "போறப்ப ஒரு வார்த்த சொன்னாரு. தெளிவா."

"என்ன?"

"'நான் சொல்லாதத அவன் சொல்லிட்டான்'னாரு."

அபினா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எவன் சொன்னான், என்னத்தச் சொன்னான்... உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றாள் நோரீன்.

வரிசை நகர்ந்தது. பெட்டி திறந்திருந்தது. இடது கை மார்பின் மேல் ஒழுங்காக இருந்தது. வலது கையை மடக்கி வைத்து, ஜெபமாலையால் உடம்போடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்கள். மணிகள் இறுகிக் கோட்டுத் துணியில் பதிந்திருந்தன.

அப்படியும் முழங்கை படியவில்லை.